ஒரு கிழமையில் பழகலாம்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து பனிப்புகார். ஆரே ஆறு இருந்த இடத்தில் ஆற்றைக் காணவில்லை. ஆராவ் முழுக்கப் பஞ்சுப் பொதி.

வேலை இல்லை. குர்ட்ஸ்ஆர்பைட். அதாவது வேலையைக் குறைத்து, குறைந்த சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம் கொடுத்து, ஆளை வீட்டில் இருத்தி வைப்பது. எங்களுக்குத் திங்களும் வெள்ளியும். இவர் சொல்கிறார், "உமக்கென்ன, மகாராணி மாதிரி." மகாராணி இன்று குளியலறை தேய்த்தாள்.

செய்ய வேண்டியது:
லீக்ஸ், பால்.
இவருடைய காற்சட்டைக்குச் சிப் (வயிறு வளர்கிறது, சிப் என்ன செய்யும்).
கோயிலுக்கு மோதகம், பயறு ஊறப்போட.
தாரணிக்குப் போன். மூன்று நாளாய் எடுக்கவில்லை. ஆராய்ச்சி செய்கிற பிள்ளைக்கு அம்மாவை ஆராய நேரம் இல்லை.

எல்லாம் அந்த வரியால். ஓகஸ்ட் முதலாம் திகதி, சுவிஸின் தேசிய நாள், இந்த நாடே வாணம் விடுகிற அன்று பார்த்து அமெரிக்காக்காரன் போட்டான். இங்கிருந்து போகிற சாமானுக்கு முப்பத்தொன்பது வீதம். பக்கத்து ஜெர்மன்காரனுக்குப் பதினைந்து. ஏன் என்று இவரைக் கேட்டேன். இவர் வந்த புதிதில் உலகப் பொருளாதார மாநாடு நடக்கிற டாவோஸில் ஹோட்டல் கோப்பை கழுவியவர். உலகத்துப் பெரிய தலைகள் சாப்பிட்ட கோப்பை. அதனால் உலகப் பொருளாதாரம் முழுக்கத் தனக்குத் தெரியும் என்ற நினைப்பு. யூடியூபைப் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் விளக்கினார். எனக்கு விளங்கியது: அவனுக்குக் கோபம், எனக்கு லீவு.

நாளை மறுநாள் கூட்டமாம். எல்லோரும் வரவேண்டுமாம்.

நவம்பர் 5, புதன்

எழுத்து கோணல். கோணலாய் இருக்கட்டும்.

சாப்பாட்டு மண்டபத்தில் கூட்டம். விட்மர் திரையில் படம் போட்டார். எங்கள் ஷெஃப், அதாவது மேலாளர். நல்ல மனிதர் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிற்சாலை செய்வது உணவகங்களுக்கான கோப்பி மெஷின். எங்கள் மேசை கடைசி மேசை. மற்ற மண்டபத்தில் இருந்து மெஷினின் உடம்பு வரும். நானும் ஃபாத்திமேயும் முன்தட்டு பூட்டி, ஆவிக்குழாய் பூட்டி, கொதிக்க விட்டு, ஒழுகுகிறதா என்று பார்த்து, கடைசியில் சுவிஸ் கொடியின் வெள்ளைச் சிலுவை போட்ட சின்னத் தகட்டை ஒட்டுவோம். சுவிஸ் பாஸ்போர்ட் இல்லாத ஒரு யாழ்ப்பாணத்தாளும் ஒரு கொசோவோக்காரியும் சேர்ந்து மெஷினுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கிறோம் என்று நான் எப்போதும் பகிடி விடுவேன்.

இன்று விட்மர் சொன்னது: மெஷின் எந்த நாட்டில் மெஷினாகிறதோ, அந்த நாட்டு வரிதான் அதற்கு. அது மெஷினாவது எங்கள் மேசையில். ஆகவே அந்த மேசையைத் தூக்கி றைன் ஆற்றுக்கு அங்கால, ஜெர்மன் கரையில் வைத்தால் பதினைந்தோடு போகும். மேசைதான் போகும். மேசைக்குப் பின்னால் நிற்கிறவர்கள் போகவில்லை. அங்கே ஆட்கள் இருக்கிறார்களாம்.

பிறகு அடுத்த படம். "கடைசிப் பூட்டு வேலை: பழகும் காலம் ஒரு கிழமை." கீழே சின்ன எழுத்தில், "தொழிலாளரின் சொந்தக் கூற்றுப்படி."

மூலையில் அந்த ஆராய்ச்சியைச் செய்த நிலையத்தின் பெயர், செய்தவர்களின் பெயர். தாரணி சிவஞானசுந்தரம்.

நான் வந்த நாளிலிருந்து விட்மர் என்னை "ஃப்ராவ் சிவா", திருமதி சிவா, என்றுதான் கூப்பிடுகிறார். மிச்சம் நாக்கில் நிற்காது. இன்று "சிவஞானசுந்தரம்" முழுதையும் ஒரு பிசகில்லாமல் வாசித்தார். வீட்டில் இருந்து பழகிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஃபாத்திமே திரும்பி என்னைப் பார்த்தாள். மண்டபம் முழுக்கப் பார்த்தது. என்னுடைய பெட்டகக் கதவில் அதே பெயர்தானே ஒட்டியிருக்கிறது.

கூட்டம் முடிய அப்பெரோ. இந்த நாட்டில் கெட்ட செய்தி சொன்னாலும் வெள்ளை வைனும் சீஸும் வைப்பார்கள். எங்கள் ஆட்கள் பிரேதம் எடுக்கும்வரை அடுப்பு மூட்ட மாட்டார்கள். இங்கே பிரேதம் நடுவில் கிடக்கச் சுற்றி நின்று உப்புக் குச்சி கடிக்கிறார்கள். நான் தொடவில்லை. பொதி கட்டுகிற நாதன் அண்ணை தட்டு நிறைய எடுத்தார்.

"எப்பிடி அண்ணை இறங்குது?"

"சீஸ் என்ன பிழை விட்டது, ரஞ்சி?"

சட்டப்படி எங்களையும் கேட்கவேண்டுமாம். இரண்டு கிழமைக்குள் நாங்கள் யோசனை சொல்லலாம். அதற்குப் பிறகுதான் முடிவாம். ஏற்கெனவே முடிவு எடுத்துவிட்டவனின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நவம்பர் 6, வியாழன்

மழைத் தூறல். பஸ் பிந்தி வந்தது. ஃபாத்திமே என்னோடு கதைக்கவில்லை.

யார் செய்த வேலை இது? நான் செய்த வேலை. செப்டெம்பரில் விட்மர் தலையில் கை வைத்துக்கொண்டு திரிந்தபோது, போய்ச் சொன்னேன்: என்னுடைய மகள் சூரிச்சில் இந்த வரி, ஏற்றுமதி, ஐரோப்பா எல்லாம்தான் ஆராய்கிறாள், கூப்பிட்டுக் கேளுங்கள் என்று. பிள்ளை வாங்கின பட்டத்தைக் கண்டவன் நின்றவனிடம் எல்லாம் சொல்லாவிட்டால் எங்களுக்குச் சோறு செமிக்காதே. அவளுடைய நிலையத்தை ஒழுங்கு செய்தார்கள். அவள் ஒரு பெடியனோடு வந்தாள். நான் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோய் மண்டபம் முழுக்கக் கொடுத்தேன். கலியாணவீடு தோற்றது.

அவள் மேசையில் வந்து கேட்டாள், இந்த வேலை பழக எவ்வளவு காலம் எடுக்கும் என்று. எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எல்லோருக்கும் விளங்க ஜெர்மனில் சொன்னேன்: "மூளையை வீட்டில வைச்சிட்டு வாற எந்தக் குரங்கும் ஒரு கிழமையில பழகும், என்னைப் பாருங்கோ." எல்லோரும் சிரித்தார்கள். தாரணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டினாள், மடியில் இருந்த கொம்பியூட்டரில்.

இன்று போன் எடுத்தாள். அவளே.

"அம்மா, உங்களுக்குச் சொல்ல ஏலாமல் போச்சு. சொல்லக் கூடாது எண்டு கையெழுத்து."

"நல்ல கையெழுத்து. அந்தக் கையைப் பிடிச்சு அ, ஆ எழுதிப் பழக்கினது நான்."

"நாங்கள் மூண்டு வழி குடுத்தனாங்கள். அவை ஒண்டை எடுத்தவை."

"மூண்டில ஒண்டு உன்ர அம்மாவை வீட்டை அனுப்புற வழி. அதையும் வடிவா எழுதினியோ?"

"அம்மா, நான் எழுதாட்டி வேற ஆரும் எழுதுவினம்."

"அப்ப வேற ஆரும் எழுதியிருக்கட்டும். நான் ரோல்ஸ் மிச்சம் பிடிச்சிருப்பன்."

பிறகு சொன்னாள், "ஒரு கிழமை எண்டது நீங்கள் சொன்னது. அது தரவு அம்மா." நான் வைத்துவிட்டேன். பகிடி எப்போது தரவானது?

நவம்பர் 7, வெள்ளி

திரிம்பாக் கோயில். மோதகம் நன்றாக வந்தது. கோபத்தில் பிடித்தால் இறுக்கமாய் வரும்போல.

சப்பாத்துக் கழற்றுகிற இடத்திலேயே தொடங்கிவிட்டார்கள். "தாரணி பெரிய ரிப்போர்ட் எல்லாம் எழுதினவளாம்?" நானே போன மாதம் சொன்னது. சொல்லிச் சொல்லி ஊர் முழுக்கப் பரப்பியது.

"ஓம். பெரிய ரிப்போர்ட். ஒரு தொழிற்சாலையையே இடம் விட்டு அரக்கிற அளவுக்குப் பெரிசு."

சிரித்தார்கள். நான் என்ன சொன்னாலும் சிரிக்கிறார்கள். பழக்கிவைத்தது நான்தான்.

ஒருத்தி கேட்டாள், "அப்பிடி மகள் இருக்க உங்களுக்கு என்ன பயம்?" அந்த மகள்தான் பயம் என்று எப்படிச் சொல்வது. பிள்ளையாருக்கு முன்னால் நின்று ஒன்றும் கேட்கவில்லை. அவரும் யாரோ எழுதிக் கொடுத்த வழியில் ஒன்றை எடுக்கிறவர்தானே.

இவர் காரில், "அமெரிக்காக்காரன்தான் குற்றவாளி, பிள்ளையிலை பிழை இல்லை."

"அமெரிக்காக்காரனுக்கு நான் பால் குடுக்கேல்லை."

இவர் ரேடியோவைக் கூட்டி வைத்தார். நல்லது.

நவம்பர் 11, செவ்வாய்

குளிர். கையுறை ஒன்றைக் காணோம்.

ஃபாத்திமே இன்று கதைத்தாள். பத்து மணி இடைவேளையில். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான மொழி உடைந்த ஜெர்மன்தான், அதில் சண்டை பிடிப்பது சுகம், இலக்கணம் பார்க்கத் தேவையில்லை. தாரணி சின்னப் பிள்ளையாய் லீவில் என்னோடு வந்து நின்றபோது ஃபாத்திமே தன் வீட்டில் சுட்ட இறைச்சி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினவள்.

"உன் மகள் என் ரொட்டி தின்றவள்."

"தெரியும்."

"எனக்கு ஐம்பத்தாறு வயது. ஆர் எடுப்பான்?"

"தெரியும்."

"நீ ஏன் அப்படிச் சொன்னாய்? ஒரு கிழமை."

"பகிடி ஃபாத்திமே. நீயும் சிரித்தாய்."

"நான் சிரித்தேன். நான் எழுதவில்லை."

மிச்ச நேரம் முழுக்க மெஷின்தான் கதைத்தது. ஆவி விடும்போது சீறுகிறதே, அப்படி.

யோசனை சொல்ல ஒரு குழு. நாதன் அண்ணையும் இருக்கிறார். சம்பளம் கூட்டாமல் கிழமைக்குக் கூடுதலாய்க் கொஞ்ச நேரம் வேலை செய்கிறோம் என்று எழுதப்போகிறார்களாம். அவருக்கு ஓய்வுக்கு இன்னும் கொஞ்சம்தான். அவருக்கென்ன.

அதைச் சொன்னேன். "அதுக்குத்தான் அந்தக் கொஞ்சத்தையும் வேலை செய்து முடிக்கவேணும் பிள்ளை" என்றார்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். நம்ப முடியவில்லை, நவம்பரில் வெயில்.

மத்தியானம் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கிறேன். இவர் வேலையிடத்துச் சமையலறையில் இருந்து போன். "இஞ்சாரும், ரேடியோவைப் போடும். இறக்கிப்போட்டான். பதினைஞ்சு. எங்களுக்கும் பதினைஞ்சு."

வெங்காயமா, செய்தியா, தெரியவில்லை. கண்ணெல்லாம் தண்ணீர்.

ஜெர்மன்காரனுக்கும் பதினைந்து, எங்களுக்கும் பதினைந்து. அப்போது மேசையைத் தூக்க என்ன காரணம்? ஃபாத்திமேக்குப் போன் அடித்தேன். அவள் அல்பேனியனில் கத்தினாள், எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, நான் தமிழில் கத்தினேன், அவளுக்கும் விளங்கவில்லை. நன்றாய்க் கதைத்தோம்.

பின்னேரம் தாரணி. "அம்மா, வித்தியாசம் இல்லாமல் போச்சு. இனி அந்த வழிக்கு அர்த்தமில்லை." அழுதாள். நானும் கொஞ்சம். "சாப்பிட்டியோ" என்றேன். அதற்கு மேல் எங்கள் வீட்டில் மன்னிப்புக் கிடையாது.

கேசரி கிண்டினேன். சீனி கூடிவிட்டது. யாரும் முறையிடவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

வேலையிடத்துக்கென்று நேற்றுப் புதிதாய்க் கிண்டிய கேசரியை டப்பாவோடு அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு.

காலையில் எல்லோரும் சிரித்த முகம். நான் டப்பாவைத் திறக்கப்போகிறேன், விட்மர் மேசைக்கு வருகிறார். நல்ல செய்தி ஃப்ராவ் சிவா, எல்லோருக்கும் பெரிய ஆறுதல் என்கிறார். ஓம் என்கிறேன். அப்போ மேசை இங்கேதானே?

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி துடைக்கிற வெள்ளைக்காரனை நம்பக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்த்தாயிற்றாம். வரி ஒரு பக்கம். ஆனால் பார்க்கும்போது மற்றதும் தெரிந்துவிட்டதாம். அங்கே சம்பளம் குறைவு. இங்கே பிராங்கு ஏறி நிற்கிறது. பழகுவதற்கும் ஒரு கிழமைதான். ஒருமுறை கண்டதைக் காணாதமாதிரி இருக்க முடியாதே என்கிறார்.

அதாவது: வீட்டில் பாம்பு என்று சொல்லி ஆளை வெளியே எடுத்தார்கள். பாம்பு போய்விட்டது. வீடு காலியாய் இருப்பது வடிவாய் இருக்கிறதாம்.

எரிகிறது. அமெரிக்காக்காரனில் கோபம் வந்தபோது ஒரு சுகம் இருந்தது, அவன் தூரத்தில். இப்போது கோபப்பட இருக்கிறவர்கள் எல்லாம் கிட்ட. ஒருத்தர் எனக்குக் காலை வணக்கம் சொல்கிறார். ஒருத்தியை நான் பெற்றேன்.

வியாழன் கூட்டத்தில் புதுக் கணக்கை விளக்க நிலையத்தில் இருந்து ஆள் வருவாராம். யார் என்று கேட்கவில்லை. விட்மரே அந்த நீளப் பெயரைச் சொல்லத் தொடங்கினார், இந்த முறையும் பிசகவில்லை.

நவம்பர் 20, வியாழன்

காலை பனி. முதல் பனி. வழுக்கி விழாமல் போய்ச் சேர்ந்தேன், அது ஒன்றுதான் இன்றைய நல்லது.

முன்வரிசையில் இருந்தேன். ஃபாத்திமே பக்கத்தில். தாரணி கறுப்புக் கோட். நான் தைத்துக் கொடுத்த பொத்தான். மெலிந்துவிட்டாள். (எழுத வேண்டாம் என்று பார்த்தேன், கை எழுதிவிட்டது.)

சுவிஸ்-ஜெர்மனில் கதைத்தாள், இங்கே பிறந்த பிள்ளை, விட்மரைவிட வடிவாய்க் கதைக்கிறாள். படம் மேல் படம். கோடு ஏறியது, கோடு இறங்கியது. நாதன் அண்ணை கொட்டாவி. கடைசியில் கேள்வி இருக்கிறதா என்று விட்மர் கேட்டார்.

கையைத் தூக்கினேன். நாலு பகிடி தயாராய் வைத்திருந்தேன். எழும்பி நின்றதும் ஒன்றும் இல்லை.

ஜெர்மனில் கேட்டேன், "வரி இப்போது ஒன்றுதானே. பிறகு ஏன் போகவேண்டும்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தமிழில், மெதுவாய், "அம்மா, வீட்டை போய்க் கதைப்பம்."

மண்டபத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. நாதன் அண்ணைக்கு விளங்கியது, கொட்டாவி நின்றது.

"இல்லைப் பிள்ளை," நானும் தமிழில், "இஞ்சைதான் சொல்லு. இவைக்கும் சொல்லு."

தண்ணீர் குடித்தாள். பிறகு எல்லோரையும் பார்த்து ஜெர்மனில் சொன்னாள். வரி இனி ஒரு காரணம் இல்லை. மிஞ்சி நிற்பது சம்பளம், அதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அறிக்கையில் இருந்து வரியை எடுத்தால் மிச்சம் அதுதான். விட்மர் எழும்பப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. "இன்னொன்று. பழகும் காலம் ஒரு கிழமை என்று இருப்பது என் அம்மா சொன்னது. அவர் பகிடியாய்ச் சொன்னார். எனக்கு அப்போதே தெரியும். அறிக்கையில் அந்தக் கட்டத்தை நிரப்ப வேறு ஒன்றும் இருக்கவில்லை. எழுதினேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஃபாத்திமே என் கையைப் பிடித்தாள். விட்மர் நன்றி என்றார், அப்பெரோ இருக்கிறது என்றார்.

நல்ல பிள்ளை, உண்மை சொன்னாள் என்று நாதன் அண்ணை. ஓம், சொன்னாள். அவளுக்கு நிலையத்தில் இதனால் என்ன வருமோ தெரியாது.

ஆனால் தெரிந்தே எழுதினாளாம். தெரியாமல் எழுதினாள் என்றுதான் நான் இவ்வளவு நாளும் கத்திக்கொண்டிருந்தேன். விளங்காமல் போய்விட்டது, இங்கத்தைய பிள்ளை, எங்கள் பகிடி பிடிபடவில்லை என்று. பிடிபட்டிருக்கிறது. அதுதான் கூடுதலாய் வலிக்கிறது.

நவம்பர் 22, சனி

காற்சட்டைச் சிப் தைத்தேன். ஊசி குத்தியது.

தாரணி வந்தாள். கதவில் நின்றாள், கையில் பூ. வெள்ளைக்காரி மாதிரிப் பூ.

"பூ கறி வைக்கிறதுக்கோ?"

சிரிக்கவில்லை. "அம்மா, அவை என்னை அந்த வேலையில இருந்து எடுத்திட்டினம். பறவாயில்லை."

"என்னையும்தான். இரண்டு பேரும் மகாராணி."

இப்போது சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். இடியப்பம் இருந்தது, சொதி சூடாக்கினேன். கோபம் இருக்கிறது. அது இருக்கட்டும், அவள் சாப்பிடட்டும். கோபத்தை நான் தனியாய் வைத்திருப்பேன், அவளுக்குப் பங்கு இல்லை.

இவர் உலகப் பொருளாதாரம் தொடங்கினார். இரண்டு பேரும் சேர்ந்து, "சும்மா இருங்கோ அப்பா." நான் அப்பா என்றதில் அவருக்கு வயது கூடிவிட்டதாம், கோபித்துக்கொண்டு பல்கனிக்குப் போனார்.

நவம்பர் 25, செவ்வாய்

புகார் திரும்ப. ஆறு திரும்பக் காணவில்லை.

முடிவு: வசந்தத்தில் மேசை போகிறது. எங்கள் யோசனைகளை மிகவும் கவனமாகப் படித்தார்களாம். சிலுவைத் தகடு வேறு வருமாம், சிலுவை இல்லாமல். ஃபாத்திமே பழைய தகட்டில் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டாள். காணாதமாதிரி நின்றேன்.

பின்னேரம் விட்மர் வந்தார். தனியாய். கண்ணாடி துடைக்கவில்லை. அங்கே எடுத்த ஆட்களுக்கு வேலை பழக்க யாராவது வேண்டுமாம். ஃப்ராவ் சிவா போவீர்களா, மேலதிகமாய்ப் பார்த்துக் கொடுப்போம், ரயில் காசும் தருவோம். ஃபாத்திமேயும் வேண்டுமானால் வரலாம்.

ஃபாத்திமேயைப் பார்த்தேன். ஆவிக்குழாயைத் துடைத்துக்கொண்டே நின்றாள். காது இங்கே.

"எவ்வளவு காலம் தேவை?" என்றார்.

"ஒரு வருடம்."

சிரித்தார். நான் சிரிப்பேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார். ஃபாத்திமேயும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாய் அவருடைய சிரிப்பு இறங்கியது.

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். "தொழிலாளரின் சொந்தக் கூற்று."